ஓடியவரும் அளந்தவரும்: உடற்பயிற்சி ஆய்வின் வரலாற்றில் மாணவர் பங்கு

உடற்பயிற்சி விஞ்ஞானம் என இன்று பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்படும் துறை தனக்கென ஒரு பெயரைப் பெறுமுன்னரே நெடுங்காலம் வளர்ந்திருந்தது. மருத்துவம், உடற்றொழிலியல், இரசாயனம் ஆகிய மூன்றின் எல்லைகளிலே, பெரும்பாலும் ஆய்வுகூடங்களின் நிலவறைகளிலும் விளையாட்டரங்குகளின் அடித்தளங்களிலும் அது உருவாயிற்று. அதன் வரலாற்றை எழுதியோர் பேராசிரியர்களின் பெயர்களையும் நோபல் பரிசுகளையும் முன்னிறுத்தியே எழுதியுள்ளனர். அது பிழையன்று, ஆயினும் அவ்வரலாற்றில் இன்னொரு தரப்பினர் தொடர்ந்து இடம்பெறுவதை நாம் காண்கிறோம். அவர்கள் மாணவர்கள். ஓடியவரும் மாணவர், பல சந்தர்ப்பங்களில் அளந்தவரும் மாணவர், சில சந்தர்ப்பங்களில் இருவரும் ஒருவரே. வேறெந்த விஞ்ஞானத் துறையிலும் ஆராயப்படும் பொருளும் ஆராய்பவரும் இவ்வளவு நெருங்கி நின்றதில்லை எனலாம். இந்நெருக்கத்தினால் விளைந்த நன்மை யாது, அதனால் நேர்ந்த குறை யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1907ஆம் ஆண்டு முதல் 1967ஆம் ஆண்டு வரையான அறுபது ஆண்டுகளே இங்கு சிறப்பாக நோக்கப்படுகின்றன. அவற்றின் பின்விளைவுகள் வேண்டியவிடத்து மாத்திரம் சுட்டப்படும்.

தொடக்கத்தில் ஆராயப்பட்டது மனிதனன்று, தவளையாகும். தசை களைப்படைவது ஏன் என்னும் வினாவுக்கு விடை தேடியோர் தவளையின் பின்னங்காற் றசையையே கையாண்டனர். வேட்டையாடப்பட்ட மானின் தசையில் இலத்திக்கமிலம் மிகுந்திருப்பதைச் சுவீடிய இரசாயனவியலாளர் பேசீலியசு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டிருந்தார். எனினும் அந்நூற்றாண்டு முழுவதும் அளவீடுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அதன் காரணம் எளியது. தசையை வெட்டி, நசுக்கி, அதிலுள்ள அமிலத்தைப் பிரித்தெடுக்கும் செயலே தசையைத் தூண்டி மேலும் அமிலத்தை உண்டாக்கிவிடும். அளக்கும் முறையே அளக்கப்படும் பொருளை மாற்றிற்று. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் வால்ற்றர் பிளெச்சரும் பிரடெரிக் ஹொப்கின்சும் 1907இல் இவ்விடரைக் கடந்தனர். தசையைப் பனிக்கட்டியளவு குளிர்ந்த மதுசாரத்தில் அமிழ்த்தி, அதற்குள்ளேயே அதனை அரைத்தெடுத்ததனால், தசை எதிர்வினை காட்டுமுன்னரே அதன் இயக்கம் நிறுத்தப்பட்டது. களைத்த தசையில் இலத்திக்கமிலம் சேர்கிறது என்பதும், ஒட்சிசன் கிடைக்குமாயின் அது மறைந்துபோகிறது என்பதும் இவ்வாறு நிலைநாட்டப்பட்டன. பிற்காலத்தில் உயிர்ச்சத்துக்கள் பற்றிய பணிக்காக 1929இல் நோபல் பரிசு பெற்றவரும் இதே ஹொப்கின்சே. களைப்பைப் பற்றிய ஆய்வும் ஊட்டம் பற்றிய ஆய்வும் ஒரே மனிதரின் மேசையில் அருகருகே இருந்தன என்பது நினைவுகொள்ளத்தக்கது.

பிளெச்சர் கல்லூரியில் மாணவருக்கு ஆலோசகராகவும் இருந்தார். அவரது பொறுப்பிலிருந்த கணித மாணவர் ஒருவர், கணிதத்தில் உயர்ந்த சித்தி பெற்றிருந்தும் அதில் மனங்கொள்ளாதவராய்த் தடுமாறியபோது, உடற்றொழிலியலுக்குச் செல்லுமாறு பிளெச்சர் வழிகாட்டினார். அம்மாணவரே ஆச்சிபோல்ட் விவியன் ஹில். 1909இல் பேராசிரியர் லாங்லி தசை பற்றிய ஒரு வினாவை அவரிடம் ஒப்படைத்தார். தசை சுருங்கும்போது வெளிப்படும் மிகச் சிறிய வெப்பத்தை அளப்பதில் ஹில் தம் கணிதப் பயிற்சியைப் பயன்படுத்தினார். அப்பணியே 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசை ஜெர்மானியரான ஒற்றோ மயர்ஹோவுடன் அவருக்குப் பகிர்ந்தளித்தது.

ஹில் தவளையோடு நின்றுவிடவில்லை. அவர் இளமையிலிருந்தே ஓட்டப் பழக்கமுடையவர். 1920இல் மஞ்செஸ்ரர் பல்கலைக்கழகத்திற்குப் பேராசிரியராகச் சென்றபின், ஹாட்லி லப்ரன் என்பவரோடும், அங்கேயே இரசாயனம் பயின்று பட்டம்பெற்ற இளைஞரான லோங் என்பவரோடும் சேர்ந்து ஓடும் மனிதனை அளக்கத் தொடங்கினார். புற்றரையில் அமைந்த சிறு வட்டப்பாதையில் முதுகிலே ஒரு காற்றுப்பையைச் சுமந்து ஓடுவர். வெளிவிடும் மூச்சு அப்பைக்குட் சேரும். பின்னர் அதிலுள்ள ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் கணக்கிடப்படும். டக்ளஸ் பை எனப்படும் இக்கருவி மிக எளியது. ஓடியவர்களுள் ஹில் தாமும் ஒருவர். வேகம் கூடக்கூட உடல் எடுக்கும் ஒட்சிசனும் கூடுகிறது. ஆயின் ஓர் எல்லைக்கு மேல், நிமிடத்திற்கு ஏறத்தாழ 4 லீற்றர் என்னுமளவில், அது கூடுவதில்லை என 1923இல் அவர்கள் வெளியிட்டனர். அதற்கு மேற்பட்ட வேகத்திற்கு வேண்டிய சக்தி ஒட்சிசனின்றிப் பெறப்படுகிறது எனவும், ஓட்டம் முடிந்தபின் நெடுநேரம் மூச்சிரைப்பது அதற்கான கடனைத் தீர்ப்பதே எனவும் அவர்கள் விளக்கினர். ஒட்சிசன் கடன் என்னும் அவ்வுவமை, வணிகரும் வட்டியும் மலிந்த ஒரு தேசத்தில் எளிதில் வேரூன்றியது வியப்பன்று.

இங்கே நாம் சற்றுத் தாமதிக்க வேண்டும். மிக உயர்ந்த ஒட்சிசன் உள்ளெடுப்பு என்னும் எண்ணக்கரு இன்றும் இத்துறையின் அச்சாணியாக விளங்குகிறது. ஆனால் அது எத்தகைய உடல்களிலிருந்து பெறப்பட்டது? ஒரு சில ஆங்கில ஆடவர். அவருள்ளும் ஓட்டப் பழக்கமுடையோர். அவருள்ளும் தம்மைத் தாமே அளந்தோர். அளப்பவரே ஓடுபவராயிருந்தமையால் சோதனை நேர்மையாகவும் துணிவாகவும் நடந்தது: பிறரை வருத்தத் தயங்குமிடத்தில் தம்மை வருத்திக்கொள்ள அவர்கள் தயங்கவில்லை. ஆயினும் ஒரு சில ஓட்டக்காரரின் எண் ‘மனிதனின்’ எண்ணாக நூல்களிற் புகுந்த கதையும் இவ்விடத்திலேதான் தொடங்குகிறது.

அக்காலத்தில் இலத்திக்கமிலமே தசைச் சுருக்கத்தின் நேரடிக் காரணம் எனவும் நம்பப்பட்டது. 1930இல் கொப்பன்ஹேகனில் ஐனார் லுண்ட்ஸ்காட் என்பவர், அயடோவசற்றேற்று என்னும் நஞ்சூட்டப்பட்ட தசை சிறிதளவு இலத்திக்கமிலமும் உண்டாக்காமலே சுருங்குவதைக் காட்டினார். ஹில் தம் முடிவுகள் சாய்ந்தமையை மறைக்கவில்லை. தசை உடற்றொழிலியலிற் புரட்சி நிகழ்ந்துவிட்டது என 1932இல் தாமே எழுதினார். ஆனால் விளையாட்டுப் பயிற்சியாளரிடையே இச்செய்தி சென்றடைய அரை நூற்றாண்டும் போதவில்லை. உடல்வலிக்கெல்லாம் இலத்திக்கமிலமே காரணம் எனும் பேச்சு மைதானங்களில் நிலைத்துவிட்டது. 1980களில் அமெரிக்காவின் பேக்லிப் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் புரூக்ஸ் என்பவர் இலத்தேற்று கழிவன்று, ஓர் உறுப்பிலிருந்து இன்னோர் உறுப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டு எரிக்கப்படும் எரிபொருளே எனக் காட்டினார். இவரும் மாணவப் பருவத்தில் ஓட்டக்காரர்.

அத்திலாந்திக்கின் மறுகரையில் வேறொரு வினா எழுந்தது. மரதன் ஓட்டத்தின் முடிவில் வீழ்வோர் ஏன் வீழ்கின்றனர்? அதனை இதயத்தின் தளர்ச்சி எனவே பலர் கருதினர். பொஸ்ரன் நகரில் ஆண்டுதோறும் நிகழும் மரதனை 1924இல் சமுவேல் லெவீன் என்னும் இதய மருத்துவரும் அவர்தம் துணைவரும் ஆய்வுக்களமாக்கினர். முடிவுக் கோட்டைக் கடந்த ஓட்டக்காரரின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது, சோர்ந்து, மயங்கி, நிலைகுலைந்து வந்தோரின் குருதிச் சர்க்கரை மிகத் தாழ்ந்திருந்தது. இன்சுலின் அளவு மிஞ்சிய நீரிழிவு நோயாளரின் தோற்றத்தை அவர்தம் நிலை ஒத்திருந்தது. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு மூன்றாண்டுகளே கழிந்திருந்த காலம் அது. அடுத்த ஆண்டு, ஓட்டத்துக்கு முன்னர் காபோவைதரேற்று மிகுந்த உணவும் ஓட்டத்தின்போது இனிப்புக்களும் அளித்துச் சோதனையைத் திருப்பிச் செய்தனர். சர்க்கரை தாழவில்லை, ஓடியோரின் நிலையும் நன்றாயிருந்தது. ஊட்டம் விளையாட்டில் வினைத்திறனை மாற்றும் என்பதற்கு மைதானத்திலேயே கிடைத்த முதற் சான்றுகளுள் இதுவொன்று. மிட்டாய்த் துண்டு ஒன்று செய்த பணி அது. பயிற்சியாளர் பலர் அதனை நாற்பதாண்டுகள் கவனியாதிருந்தமையே விந்தை.

இதேகாலத்தில் ஸ்கந்தினேவிய நாடுகளில் இவ்வினா ஒழுங்காக ஆராயப்பட்டு வந்தது. கொப்பன்ஹேகனில் ஓகஸ்ற் குரோக்கும் ஜோகன்னஸ் லிண்டாட்டும் கொழுப்பைவிடக் காபோவைதரேற்று தசைவேலைக்குச் சிறிது சிக்கனமான எரிபொருள் என 1920இல் காட்டினர். 1939இல் கிறிஸ்ரென்சன், ஹான்சன் ஆகிய இருவர், கொழுப்பு மிகுந்த உணவை உண்டு சில நாட்கள் கழித்தவரையும் காபோவைதரேற்று மிகுந்த உணவை உண்டவரையும் ஒரே கடுமையுள்ள வேலையில் ஈடுபடுத்தினர். பின்னவர் முன்னவரிலும் இரு மடங்குக்கு மேற்பட்ட நேரம் தாக்குப்பிடித்தனர். அவ்வாண்டின் இறுதியில் ஐரோப்பாவின் கவனம் வேறுதிசையிற் சென்றுவிட்டமையை நாம் கூறவேண்டியதில்லை.

மாணவர் பங்கினை மிகத் தெளிவாகக் காட்டும் நிறுவனம் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் களைப்பு ஆய்வுகூடமாகும். 1927இல் அது தோற்றுவிக்கப்பட்டது; 1947இல் மூடப்பட்டது. இருபதாண்டே வாழ்ந்த அக்கூடம் முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுரைகளை வெளியிட்டது. அது அமைந்திருந்த இடம் மருத்துவக் கல்லூரியன்று. வணிகக் கல்லூரியின் மோகன் மண்டப நிலவறை. தொழிற்சாலைத் தொழிலாளி களைப்படைவது ஏன், அக்களைப்பு உற்பத்தியை எவ்வாறு பாதிக்கிறது என்பதே நிதி வழங்கியோரின் அக்கறை. இரத்த இரசாயனத்தில் வல்லவரான லோறன்ஸ் ஹென்டர்சன் அதனை நிறுவினார். அன்றாட நிருவாகத்தை டேவிட் புரூஸ் டில் ஏற்றார். முதலாளியின் வினாவோடு தொடங்கிய கூடம் ஓட்டக்காரனின் வினாவுக்கு விடையளித்தது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும்.

நகரும் பட்டியின்மேல் நின்ற இடத்திலேயே ஓடச் செய்யும் இயந்திரம் அக்கூடத்தின் நடுநாயகமாயிருந்தது. பொஸ்ரன் மரதனை ஏழுமுறை வென்ற கிளாரன்ஸ் டிமார் அதன்மேல் ஓடினார். ஏனையோரின் இரத்தத்தில் இலத்திக்கமிலம் விரைந்து ஏறிய அதே வேகத்தில் அவர் இரத்தத்தில் அது ஓய்வுநிலையிற் காணப்படுவதைவிடச் சற்றே உயர்ந்து நின்றுவிட்டது. பயிற்சி என்பது மனவுறுதி மாத்திரமன்று, உடலின் இரசாயனத்திலேயே நிகழும் மாற்றம் என்பதை இதனிலும் தெளிவாகக் காட்டல் அரிது. 1933இல் மார்கேரியா, எட்வேட்ஸ், டில் மூவரும் ஹில்லின் ஒட்சிசன் கடனைப் பகுத்து, அதன் ஒரு பகுதிக்கும் இலத்திக்கமிலத்திற்கும் தொடர்பில்லை என நிறுவினர்.

கூடத்தார் நான்கு சுவர்களுக்குள் அடைந்திருக்கவில்லை. கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணை கட்டப்பட்ட பாலைநிலத்தில் தொழிலாளர் வெப்பத்தினால் மாண்டுகொண்டிருந்தனர். 1932ஆம் ஆண்டுக் கோடையில் ஆய்வாளர் அங்கே சென்று தங்கித் தம் வியர்வையையும் தொழிலாளரின் வியர்வையையும் சோதித்தனர். வெப்பத்தில் உழைப்போர் இழப்பது நீரை மாத்திரமன்று, உப்பையுமாகும். நீரை மாத்திரம் நிரப்பினால் தசைப்பிடிப்பு நேரும். உப்புக் கரைசல் அதனை நீக்கும். கஞ்சியில் உப்பிட்டுக் குடித்து வயலுக்குச் சென்ற நம்மவர்க்கு இம்முடிவு புதுமையாகத் தோன்றாது. எனினும் ஏன் என்பதை அளந்து காட்டியமையே ஆய்வின் பணி. 1935இல் அவர்கள் சிலி நாட்டு அந்தீசு மலைகளில் ஏறி, உயரத்தில் உடல் படும் பாட்டினையும் அளந்தனர்.

இக்கூடத்தில் மாணவராயிருந்தோருள் ஒருவரை மாத்திரம் விரிவாக நோக்குவோம். சிட் றொபின்சன் 1928ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுக்களில் அமெரிக்காவின் சார்பில் ஓடியவர். பின்னர் ஓட்டப் பயிற்சியாளராயிருந்தவர். கலாநிதிப் பட்டத்துக்காக ஹாவாட் வந்த அவர் ஓடுபட்டியின்மேல் ஏற்றியது ஒலிம்பிக் வீரரை மாத்திரமன்று. 6 வயதுச் சிறுவர் முதல் 91 வயது முதியவர் வரை அவரது ஆய்வில் இடம்பெற்றனர். வயது ஏறஏற உச்ச இதயத் துடிப்பும் உச்ச ஒட்சிசன் உள்ளெடுப்பும் எவ்வாறு இறங்குகின்றன என்பதை 1938இல் வெளியான அவ்வாய்வு முதன்முதலாக ஒழுங்குபடக் காட்டிற்று. மாணவனொருவனின் ஆய்வு இத்துணை நெடுங்காலம் பயன்பட்டமை அரிது. அதற்கு முந்திய ஆண்டில், எட்வேட்சுடனும் டில்லுடனும் சேர்ந்து, டொன் லாஷ் என்னும் ஓட்டக்காரரிடம் உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு நிமிடத்திற்கு 81.5 மில்லிலீற்றர் ஒட்சிசன் உள்ளெடுப்பை அவர் அளந்திருந்தார். அவ்வெண் நெடுங்காலம் உச்ச அளவாக மேற்கோள் காட்டப்பட்டது.

ஆயின் அவரது ஆய்வில் இடம்பெற்ற அனைவரும் ஆடவர். இதனைக் குற்றமாகக் கூறுகின்றோமில்லை. ஆய்வாளர் அதனை வெளிப்படையாகவே கூறியிருந்தார். பின்வந்தோரே மறந்தனர். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச இதயத் துடிப்புக் கிடைக்கும் என்னும் சூத்திரத்தை உடற்கல்வி பயின்றோர் அனைவரும் அறிவர். அது தனியோர் ஆய்வின் முடிவன்று. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் சிலர் முன்னைய ஆய்வுகள் பலவற்றின் புள்ளிகளை ஒரே வரைபடத்தில் இட்டு, அவற்றினூடே செல்லும் ஒரு நேர்கோட்டை அண்ணளவாக வரைந்ததன் விளைவே அது. இதயநோயாளரின் பயிற்சிக்கு ஒரு வழிகாட்டியாக அவர்கள் தந்த எண், காலப்போக்கில் ஆண், பெண், இளைஞர், முதியோர் யாவர்க்கும் பொருந்தும் விதியாக நூல்களில் அமர்ந்தது. 2001இல் விரிவான தரவுகளைக் கொண்டு 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கும் திருத்தம் முன்வைக்கப்பட்டது. இத்திருத்தம்கூட ஒரு கூட்டத்தின் சராசரியைக் கூறுமேயன்றித் தனியொருவரின் இதயத்தைப் பற்றி உறுதி கூறாது. ஒரு வகுப்பிலுள்ள நாற்பது மாணவரின் நாடியை நாற்பது தடவை எண்ணிப் பார்க்கும் ஆசிரியர் இதனைச் சூத்திரத்தின் துணையின்றியே அறிந்துகொள்வார்.

இரண்டாம் உலகப் போர் கூடத்தின் பணியைத் திசைதிருப்பிற்று. போர்வீரரின் உடை, உணவுப் பொதி, குளிர்நிலத்திலும் வெப்பநிலத்திலும் தாக்குப்பிடிக்கும் ஆற்றல் ஆகியன முதன்மை பெற்றன. இக்காலத்திற் பிறந்ததே ஹாவாட் படிச் சோதனை. 20 அங்குல உயரமுள்ள ஒரு படியில் நிமிடத்திற்கு 30 தடவையாக 5 நிமிடம் ஏறியிறங்கவேண்டும். பின்னர் நாடித்துடிப்பை எண்ணவேண்டும். லூசியன் புறூகாவும் உடனாய்வாளரும் 1943இல் வெளியிட்ட இச்சோதனைக்கு ஹாவாட் மாணவரே முதலிற் படியேறினர். ஒரு மரப்படியும் கைக்கடிகாரமும் போதும் என்பதால், ஓடுபட்டி வாங்க வழியற்ற நாடுகளிலெல்லாம் அது பரவிற்று. அங்குல அளவு மாத்திரம் நெட்டையான அமெரிக்க இளைஞரின் காலுக்கு அமைந்தது. குட்டையான ஒருவருக்கு அதே படி வேறொரு சோதனையாகிவிடும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உணர்ந்து படியின் உயரத்தைக் குறைத்தன.

மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது வேறு வகையினது. களைப்பு ஆய்வுகூடத்தில் முன்னர் பணியாற்றிய அன்சல் கீஸ், அப்பல்கலைக்கழக விளையாட்டரங்கின் கீழ் அமைந்த தமது ஆய்வுகூடத்தில், 1944 நவம்பர் முதல் ஏறத்தாழ ஓராண்டு காலம் பட்டினி பற்றிய பெருஞ்சோதனை ஒன்றை நடத்தினார். மனச்சாட்சியின்பேரில் போர்ப்பணியை மறுத்த 36 இளைஞர் தாமாக முன்வந்தனர். அவர்கள் அப்பல்கலைக்கழக வகுப்புக்களுக்குச் செல்லவும் வழி செய்யப்பட்டது. இருபத்துநான்கு வாரங்கள் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவில் வாழ்ந்தனர். வாரந்தோறும் 22 மைல் நடக்கவும் வேண்டியிருந்தது. உடல்நிறையின் ஏறத்தாழ காற்பங்கை இழந்தனர். இழந்தது நிறையை மாத்திரமன்று. படிப்பில் நாட்டம் போயிற்று, நகைச்சுவை போயிற்று, எந்நேரமும் உணவே நினைவாயிற்று, சமையல் நூல்களைச் சேர்த்து வாசித்தோரும் உளர். மீட்சிக் காலத்தில் வழக்கமான அளவு உணவு போதவில்லை; நெடுநாள் கூடுதலாக உண்டபின்னரே உடல் தேறியது. இம்முடிவுகள் 1950இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. போர் முடிந்த ஐரோப்பாவில் பட்டினி கிடந்தோருக்கு உதவுவதே நோக்கமாயினும், நூல் வெளிவருமுன்னரே பசி தன் வேலையை முடித்துவிட்டது. இன்று அத்தகையதொரு சோதனைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் அனுமதி வழங்காது. அதேவேளை, உணவைக் குறைத்து நிறையை இறக்கும் விளையாட்டு வீரரின் உளநிலையை விளங்கிக்கொள்ள விரும்புவோர் இன்றும் அத்தொகுதிகளையே புரட்டுகின்றனர். இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொள்வது எளிதன்று, ஏற்றேயாகவேண்டும்.

ஒருவரே ஓடியவரும் அளந்தவருமாயிருந்தமைக்கு ஒக்ஸ்போட் தரும் எடுத்துக்காட்டு பலரும் அறிந்தது. 1954 மே 6ஆம் நாள் இவ்லி வீதி ஓட்டப் பாதையில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடிய றொஜர் பனிஸ்ரர் அப்போது மருத்துவ மாணவர். அதற்கு முன்னர் ஒக்ஸ்போட் உடற்றொழிலியல் ஆய்வுகூடத்தில் டான் கனிங்ஹாமுடன் சேர்ந்து, மூச்சிலெடுக்கும் காற்றில் ஒட்சிசனைக் கூட்டினால் என்ன நிகழும் என்பதை அவர் ஆராய்ந்திருந்தார். செங்குத்தாகச் சாய்த்த ஓடுபட்டியில் முற்றும் இளைத்து நிற்கும்வரை ஓடவேண்டும். 66 வீத ஒட்சிசன் கலந்த காற்றைச் சுவாசித்தோர் வழக்கமான காற்றிற் சுவாசித்தோரிலும் நெடுநேரம் ஓடினர். தூய ஒட்சிசனைவிட அக்கலவையே மேலான பயன் தந்தது. ஓடியோருள் பனிஸ்ரர் தாமும் ஒருவர். சாதனை நிகழ்ந்த அதே ஆண்டில் அவ்வாய்வுரையும் வெளிவந்தது. செய்தித்தாள்கள் முன்னதை மாத்திரமே கண்டன. அதற்கு ஈராண்டின் முன் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1500 மீற்றரில் அவர் நான்காவதாகவே வந்தார். அதே ஹெல்சிங்கியில், யாழ்ப்பாணத்துப் பாடசாலை மாணவராயிருந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் இலங்கையின் சார்பிற் பங்குபற்றினார் என்பதை நம் வாசகர் நினைவுகூர விரும்புவர். 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் அவர் தங்கம் வென்றார்.

பனிஸ்ரரின் ஆய்வு சாதனைக்கு எவ்வளவு உதவிற்று என நாம் அறுதியிட முடியாது. மைதானத்தில் அவர் சுவாசித்தது வழக்கமான காற்றே. எனினும் நான்கு நிமிடம் உடலின் எல்லையன்று என்பதை எண்களாக அறிந்த ஒருவர் ஓடினார் என்பதில் ஐயமில்லை.

உணவு பற்றிய வினா மீண்டும் சுவீடனில் உயிர்பெற்றது. தசைக்குள் என்ன நிகழ்கிறது என்பதை இதுவரை இரத்தத்தையும் மூச்சையும் கொண்டே ஊகிக்கவேண்டியிருந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜோனாஸ் பேக்ஸ்ற்றோம் ஒரு தடித்த ஊசியினால் தொடைத் தசையிலிருந்து சிறு துணுக்கை எடுக்கும் முறையை ஆய்வுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். 1966இல் அவரும் எரிக் ஹுல்ற்மனும் செய்த சோதனை எளிமையில் அழகானது. ஒரு மிதிவண்டியின் இருபுறமும் இருவரும் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு காலால் மாத்திரம் மிதித்தனர். அக்கால் முற்றும் களைத்தது; மற்றைக் கால் ஓய்ந்திருந்தது. பின்னர் மூன்று நாட்கள் காபோவைதரேற்று மிகுந்த உணவை உண்டனர். உழைத்த காலின் தசையில் கிளைக்கோசன் ஓய்ந்த காலிலுள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஒரே உடல், ஒரே இரத்தம், ஒரே உணவு. வேறுபாடு உழைப்பில் மாத்திரம். ஆகவே கிளைக்கோசனைச் சேமிக்கும் ஆற்றலைத் தூண்டுவது உழைத்த தசையின் உள்ளேயே உள்ளது என்பது தெளிவாயிற்று. ஒப்பீட்டுக்கு வேறோர் ஆளைத் தேடாது தம் மறுகாலையே ஒப்பீடாக்கிய நுட்பம் ஆய்வுமுறை பயிலும் மாணவர் அனைவரும் கற்கத்தக்கது.

அடுத்த ஆண்டு, உடற்கல்விக் கல்லூரியில் ஆய்வு பயின்று வளர்ந்த பெங்ற் சால்ற்றின், நோர்வே நாட்டவரான லாஸ் ஹேமன்சன் ஆகியோருடன் சேர்ந்து அவர்கள் 9 பேரை மூவகை உணவில் வைத்துச் சோதித்தனர். ஒரே கடுமையில் மிதிவண்டி மிதித்தபோது, கொழுப்பும் புரதமும் மாத்திரம் உண்டோர் சராசரி ஏறத்தாழ 57 நிமிடமும், கலப்புணவு உண்டோர் 114 நிமிடமும், காபோவைதரேற்று மிகுதியாக உண்டோர் 167 நிமிடமும் தாக்குப்பிடித்தனர். தசையில் தொடக்கத்திலிருந்த கிளைக்கோசன் அளவே இவ்வேறுபாட்டை விளக்கிற்று. இறைச்சி உண்டால் வலிமை வரும் என்னும் நெடுநாள் நம்பிக்கை நீண்ட ஓட்டத்தைப் பொறுத்தவரை இத்துடன் வீழ்ந்தது. அரிசியும் கிழங்கும் உண்ணும் மக்கள் அதனால் தம் உணவை இழிவாகக் கருத வேண்டியதில்லை என்பதும் இம்முடிவின் ஒரு பகுதியாகும்; புரதம் வேண்டியதில்லை என்பது அதன் பொருளன்று.

ஸ்ரொக்ஹோம் நகரின் அதே உடற்கல்விக் கல்லூரியில்தான் நாம் முன்னர் சுட்டிய குறை முதலிற் பேரளவில் நிவர்த்தி செய்யப்பட்டது. பேர்-ஒலோவ் ஒஸ்ற்றாண்ட் 1952இல் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வேடு, 4 வயது முதல் 33 வயது வரையான 200க்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாரின் உழைப்பாற்றலை அளந்தது. அவரோடு பணியாற்றியவரும் அவர் மனைவியுமான இர்மா றீமிங், மூச்சை அளக்காமலே, மிதமான வேலையின்போது எண்ணிய நாடித்துடிப்பிலிருந்து உச்ச ஒட்சிசன் உள்ளெடுப்பை மதிப்பிடும் வரைகோட்டு அட்டவணையை 1954இல் அவருடன் இணைந்து வெளியிட்டார். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் தனித்தனி அளவுகோல்கள் இருந்தன. பயிற்சி பெற்ற பெண்ணின் இதயமும் நுரையீரலும் நீண்ட உழைப்பைத் தாங்கவல்லன என்பதில் அவ்வாய்வேடு ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை.

ஆயினும் விளையாட்டை ஆண்ட குழுக்கள் ஆய்வேடுகளை வாசிப்பதில்லை. 1928இல் அம்ஸ்ரடாமில் பெண்கள் முதன்முறையாக 800 மீற்றர் ஓடியபோது, முடிவில் அவர்கள் வீழ்ந்து கிடந்தனர் எனச் செய்தித்தாள்கள் மிகைப்படுத்தி எழுதின. ஓடிமுடித்த ஆடவர் புற்றரையில் வீழ்ந்து கிடத்தல் அன்றும் இன்றும் சாதாரணம். அதனை எவரும் செய்தியாக்குவதில்லை. அதன்பின் அவ்வோட்டம் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. ஒஸ்ற்றாண்டின் அளவீடுகள் வெளிவந்து எட்டாண்டுகள் கழிந்து, 1960இல் றோம் நகரிலேதான் அவர்கள் மீண்டும் 800 மீற்றர் ஓடினர். ஒலிம்பிக் மரதனில் பெண்கள் ஓட 1984வரை காத்திருக்க நேர்ந்தது.